கைக்குழந்தைக்கு குரோஷே பூட்டீஸ்: முதல் சங்கிலி முதல் கடைசி முடிச்சு வரை

பூட்டீஸ், அதாவது கைக்குழந்தையின் காலுக்குப் போடும் பின்னல் காலணி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பொருள்தான். ஆனால் அதில் தப்பு நுழைய நான்கைந்து இடங்கள் உண்டு. புதிதாகப் பின்னுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில், எல்லோரும் அதே இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சங்கிலியின் மறுபக்கம் திரும்பும்போது ஒன்று, சுற்றை மூடும்போது ஒன்று, விரல் பக்கத்தின் நடுவைத் தேடும்போது ஒன்று. அந்த இடங்களில் நிதானமாக நின்றும், மற்ற இடங்களில் வேகமாகவும் போகப் போகிறோம்.

இங்கே சொல்வது சுமார் 9 செ.மீ. நீள அடிப்பாகம் கொண்ட ஜோடி. பிறந்ததிலிருந்து மூன்று மாதம் வரையுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாக இருக்கும். இடது, வலது வித்தியாசம் கிடையாது. இரண்டும் ஒன்றே.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நூல்: டிகே என்றோ 8 பிளை என்றோ குறிப்பிட்டிருக்கும் நடுத்தர மெல்லிய நூல். 50 கிராம் உருண்டை ஒன்று ஒரு ஜோடிக்குப் போதும், மிச்சமும் இருக்கும். பருத்தியானாலும் அக்ரிலிக் ஆனாலும் சரி, தொட்டால் மென்மையாக இருக்க வேண்டும். கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கே குத்தினால் குழந்தைக்கு வேண்டாம்.

ரோமம் ரோமமாக நிற்கும் நூலை ஒதுக்கிவிடுங்கள். குழந்தை காலை வாயில் வைக்கும், ரோமம் வாய்க்குள் போகும். அது மட்டுமல்ல, அந்த நூலில் தையல் எங்கே இருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களையும் முதல் ஜோடிக்கு எடுக்காதீர்கள். இளமஞ்சள், வெளிர்நீலம், பாலேட்டு நிறம் போன்றவற்றில் ஒவ்வொரு தையலும் தெளிவாகத் தெரியும். எண்ண முடியும். இந்த வேலையில் பாதி எண்ணுவதுதான்.

ஊசி: 3.5 மி.மீ. குரோஷே ஊசி, அதாவது நூலைப் பிடித்து இழுக்க நுனி வளைந்த ஊசி. இந்த நூலின் லேபிளில் இதைவிடப் பெரிய ஊசி போட்டிருக்கலாம். நாம் வேண்டுமென்றேதான் சிறியதை எடுக்கிறோம். பின்னல் நெருக்கமாக விழும், பிஞ்சு விரல் இடையில் நுழையாது.

இவற்றோடு ஒரு கத்தரிக்கோல், அளவு நாடா, மொட்டை முனையுள்ள பெரிய கண் ஊசி, தையலை அடையாளம் வைக்கக் கொக்கிகள். கொக்கி இல்லையென்றால் வேறு நிற நூலில் ஒரு சிறு துண்டைச் செருகிக்கொள்ளலாம். ஊக்கு வேண்டாம். அது நூலைக் கிழிக்கும். ஒன்று மறந்துபோய் பூட்டீஸுக்குள்ளேயே தங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

அப்புறம் ஒரு பேனாவும் தாளும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதன் எண்ணை எழுதி ஒரு டிக் போடுங்கள். இதைச் சொன்னால் பலர் தலையாட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது பூட்டீஸ் பின்னும்போது அந்தத் தாள் எவ்வளவு தேவை என்பது தெரிந்துவிடும்.

2. தெரிந்திருக்க வேண்டிய தையல்கள்

சங்கிலி, ஸ்லிப் ஸ்டிச், சிங்கிள் குரோஷே. மூன்றே மூன்று. முழு பூட்டீஸும் சிங்கிள் குரோஷேயில்தான் எழும்புகிறது. உயரமான தையல்களில் வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் இடைவெளி பெரியது. விரலைப் பொத்தி வைக்க வேண்டிய இடத்தில் அந்த இடைவெளி எனக்குப் பிடிப்பதில்லை.

சங்கிலி என்றால், நூலை ஊசியில் சுற்றி, ஊசியில் நிற்கும் கண்ணி (நூல் வளையம்) வழியாக இழுப்பது. ஸ்லிப் ஸ்டிச் என்றால், ஊசியைத் தையலில் விட்டு, நூலைச் சுற்றி, அந்தத் தையல் வழியாகவும் ஊசியில் உள்ள கண்ணி வழியாகவும் ஒரே இழுப்பில் இழுப்பது.

சிங்கிள் போடும் விதம்: முந்தைய சுற்றின் தையலை மேலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் ‘வி’ போல இரண்டு இழைகள் தெரியும். ஊசியை இரண்டு இழைகளுக்கும் அடியில் விடுங்கள். நூலை ஊசியில் சுற்றி வெளியே இழுங்கள். இப்போது ஊசியில் இரண்டு கண்ணி. மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்துவிடுங்கள். ஒரு சிங்கிள் முடிந்தது.

கூட்டல் என்றால் ஒரே தையலில் இரண்டு சிங்கிள். குறைத்தல் என்றால் இரண்டு தையலை ஒன்றாக்குவது. அதை 10ஆம் படியில் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வேறு இடங்களில் உள்ள செய்முறைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள் என்றால், அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்று சொல்வதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்கிறார்கள். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கப் பெயர்.

3. பத்து வரிசைப் பயிற்சித் துண்டு

இதுவரை சிங்கிள் போட்டதே இல்லை என்றால் நேராக பூட்டீஸில் இறங்காதீர்கள். 12 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 11 சிங்கிள் போடுங்கள். ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, மறுபடி 11. இப்படிப் பத்து வரிசை.

துண்டின் ஓரம் நேராக இருந்தால் உங்கள் எண்ணிக்கை சரி. முக்கோணம் போலக் குறுகினால் ஓரத் தையலை விட்டுவிடுகிறீர்கள். விரிந்தால் ஓரத்தில் இரண்டு முறை போடுகிறீர்கள்.

நாடாவை வைத்துப் பாருங்கள். 10 தையல் சுமார் 5 செ.மீ. வர வேண்டும். 4 செ.மீ. தான் வருகிறது என்றால் கை இறுக்கம், 4 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். 6 செ.மீ. வந்தால் 3 மி.மீ. ஊசி. கையின் பழக்கத்தை மாற்றப் போராடுவதைவிட ஊசியை மாற்றுவது சுலபம்.

4. தொடக்கச் சங்கிலி

சுருக்கு முடிச்சு போட்டு, 15 செ.மீ. வால் விட்டு, 12 சங்கிலி போடுங்கள். முடிச்சை எண்ணக் கூடாது. ஊசியின் மேல் நிற்கும் கண்ணியையும் எண்ணக் கூடாது. இரண்டுக்கும் இடையே உள்ளவை மட்டும் 12.

சங்கிலி தளர்வாக இருக்கட்டும். இதன் இரண்டு பக்கமும் தையல் போடப் போகிறோம். இறுகிப்போன சங்கிலியில் ஊசி ஒரு பக்கம் நுழையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். கை தானாக இறுகுகிறவர்கள் சங்கிலிக்கு மட்டும் 4 மி.மீ. ஊசியை எடுத்துக்கொண்டு, முதல் சுற்றில் 3.5க்குத் திரும்புங்கள்.

5. முதல் சுற்று: சங்கிலியின் இரண்டு கரையும்

இந்தச் சுற்றைத்தான் நிறையப் பேர் மூன்று நான்கு முறை பிரிக்கிறார்கள். மெதுவாகப் போவோம்.

ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் 2 சிங்கிள். இது குதிகால் முனை. முதல் சிங்கிளில் உடனே அடையாளக் கொக்கி மாட்டுங்கள். அடுத்த 9 சங்கிலியில் ஒவ்வொன்று. கடைசிச் சங்கிலியில் 3 சிங்கிள். இது விரல் முனை.

அந்த மூன்றாவது சிங்கிள் விழும்போதே வேலை தானாகத் தலைகீழாகத் திரும்பப் பார்க்கும். திரும்ப விடுங்கள். துணியைப் புரட்டக் கூடாது, சக்கரம் போலச் சுழற்ற வேண்டும். உங்களைப் பார்த்திருந்த பக்கமே இன்னமும் உங்களைப் பார்க்க வேண்டும். சங்கிலியின் அடிக்கரை இப்போது மேலே வந்திருக்கும்.

அந்தக் கரையில் ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு இழை மிச்சம் இருக்கும். அதில் 9 சிங்கிள். முதல் பக்கத்தில் போட்ட தையல்களின் கால்கள் எந்தச் சங்கிலியில் ஊன்றியிருக்கின்றனவோ, அதே இடத்தில் எதிர்ப்பக்கமாக விழ வேண்டும். விரல் முனைச் சங்கிலியில் ஏற்கெனவே மூன்று இருப்பதால் அதை விட்டு அடுத்ததில் தொடங்குங்கள். கடைசியாக, முதல் இரண்டு சிங்கிள் போட்ட அதே குதிகால் சங்கிலியில் இன்னும் ஒன்று.

தொடக்க வாலைக் கரையோடு சேர்த்துப் பிடித்து அதன் மேலேயே தையல் போட்டுக்கொண்டு வந்தால், பிறகு அதைச் செருகும் வேலை பாதி முடிந்துவிடும்.

எண்ணுங்கள்: 2 + 9 + 3 + 9 + 1. மொத்தம் 24.

சுற்றை மூட, கொக்கி மாட்டிய முதல் சிங்கிளில் ஸ்லிப் ஸ்டிச். அப்புறம் ஒரு சங்கிலி. இந்தச் சங்கிலி உயரத்துக்கு மட்டும்தான், எண்ணிக்கையில் சேராது. அடுத்த சுற்றின் முதல் தையல், ஸ்லிப் ஸ்டிச் போட்ட அதே தையலில்தான் விழும்.

கொக்கி எதற்கு என்று இங்கே புரியும். மூடிய பிறகு பார்த்தால் ஸ்லிப் ஸ்டிச்சும் ஒரு தையல் போலவே தெரியும். அடுத்த சுற்றின் முடிவில் புதியவர்கள் அதிலும் ஒரு சிங்கிள் போட்டுவிடுவார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு தையல் கூடும், நான்கு சுற்றில் நான்கு. அடிப்பாகம் ஏன் ஒரு பக்கம் பிதுங்குகிறது என்று கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் காரணம். எந்தச் சுற்றானாலும் முதல் சிங்கிள் போட்டவுடன் கொக்கியை அதற்கு மாற்றுங்கள். கொக்கிக்கு முன்னால் சுற்று முடிகிறது, அவ்வளவுதான்.

6. இரண்டு, மூன்று, நான்காம் சுற்றுகள்

பக்கவாட்டில் எப்போதும் 9 நேர்த் தையல். மாற்றம் இரண்டு முனைகளில் மட்டும். வளைவில்தான் சுற்றளவு கூடுகிறது, அதனால் கூட்டலும் அங்கேதான்.

சுற்று 2: முதல் 2 தையலில் ஒவ்வொரு கூட்டல், 9 சிங்கிள், அடுத்த 3 தையலில் ஒவ்வொரு கூட்டல், 9 சிங்கிள், கடைசித் தையலில் ஒரு கூட்டல். மூடுங்கள். மொத்தம் 30.

சுற்று 3: (1 சிங்கிள், 1 கூட்டல்) இரண்டு முறை, 9 சிங்கிள், (1 சிங்கிள், 1 கூட்டல்) மூன்று முறை, 9 சிங்கிள், (1 சிங்கிள், 1 கூட்டல்) ஒரு முறை. மூடுங்கள். மொத்தம் 36.

சுற்று 4: (2 சிங்கிள், 1 கூட்டல்) இரண்டு முறை, 9 சிங்கிள், (2 சிங்கிள், 1 கூட்டல்) மூன்று முறை, 9 சிங்கிள், (2 சிங்கிள், 1 கூட்டல்) ஒரு முறை. மூடுங்கள். மொத்தம் 42.

ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூடுகிறது. 24, 30, 36, 42. இந்த நான்கு எண்ணையும் தாளின் மேலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தாலும் அடுத்த சுற்றில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எங்கே குறைந்தது என்று தெரியாமல் வேறு எங்கோ கூட்டினால் அடிப்பாகம் கோணலாகிவிடும். அந்தச் சுற்றைப் பிரித்துப் போடுவதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

மேசையில் வைத்துப் பாருங்கள். தட்டையாகப் படுத்தால் சரி. ஓரம் அலை அலையாக எழுந்தால் தையல் கூடிவிட்டது. கிண்ணம் போலக் குழிந்தால் கூட்டல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது கை இறுகியிருக்கிறது. ஒருமுறை ஒரு பெண்ணின் அடிப்பாகம் மூன்றாம் சுற்றிலேயே கரண்டி போலக் குழிந்துவிட்டது. எண்ணினால் 36 சரியாக இருந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு தையல் முடிந்ததும் பழக்கத்தில் நூலை ஒரு சுண்டு சுண்டி இறுக்கிக்கொண்டிருந்தார். சுண்டாமல் அதே சுற்றை மறுபடி போட்டார். தட்டையாகப் படுத்தது.

இப்போது நாடாவை வையுங்கள். குதிகால் முனையிலிருந்து விரல் முனை வரை சுமார் 9 செ.மீ. வர வேண்டும். குழந்தையின் பாத அளவு தெரிந்திருந்தால், அதைவிட அரை முதல் ஒரு செ.மீ. கூடுதலாக இருந்தால் நல்லது. சிறிய பாதத்துக்கு 3 மி.மீ. ஊசி, பெரிய பாதத்துக்கு 4 மி.மீ. ஊசி என்று மாற்றி இந்த நான்கு சுற்றையும் மறுபடி போடுங்கள். அளவு ஏறக்குறைய ஒரு செ.மீ. குறையும் அல்லது கூடும். தையல் எண்ணிக்கையைத் தொட வேண்டாம். அதை மாற்றினால் மேல்பாகத்தின் கணக்கு முழுவதும் மாறிவிடும். முதல் ஜோடிக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

7. இரண்டாவது அடிப்பாகத்தை இப்போதே பின்னிவிடுங்கள்

நூலை வெட்ட வேண்டாம். ஊசியில் உள்ள கண்ணியைப் பெரிதாக இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, உருண்டையின் உள்முனையிலிருந்தோ இன்னொரு உருண்டையிலிருந்தோ இரண்டாவது அடிப்பாகத்தைத் தொடங்குங்கள்.

இந்த வரிசையை நான் விடாப்பிடியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் ஜோடியில் ஒன்றை முழுதாக முடித்துவிட்டு, நான்கு நாள் கழித்து அடுத்ததை எடுத்தேன். எண்ணிக்கை எல்லாம் ஒன்றே, ஆனால் இரண்டாவது அரை செ.மீ. பெரிதாக வந்தது. முதல் பூட்டீஸில் இறுகியிருந்த கை, அது முடியும்போது பழகித் தளர்ந்திருந்தது. அடிப்பாகங்களை ஒரே மூச்சில் பின்னினால் கையும் ஒரே நிலையில் இருக்கும். ஒன்றன் மேல் ஒன்றை வைத்துப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் சிறியதாகவே இருக்கும்போது திருத்திக்கொள்ளலாம்.

8. சுவர் எழுப்புதல்: சுற்று 5 முதல் 8

சுற்று 5: ஒவ்வொரு தையலிலும் ஒரு சிங்கிள், ஆனால் பின் இழையில் மட்டும். ‘வி’யின் இரண்டு இழைகளில் உங்களுக்கு அருகில் இருப்பது முன் இழை, தள்ளி இருப்பது பின் இழை. தள்ளி இருப்பதில் மட்டும் ஊசியை விடுங்கள். கூட்டல் எதுவும் இல்லை. மொத்தம் 42.

விடப்பட்ட முன் இழைகள் அடிப்பாகத்தைச் சுற்றி வரப்பு போல நிற்கும். துணி அந்த வரப்பில்தான் மடிந்து மேலே எழும். இதைச் செய்யாமல் இரண்டு இழையிலும் போட்டால் அடிப்பாகம் எங்கே முடிகிறது என்றே தெரியாத உருண்டைப் பை ஒன்று கிடைக்கும்.

சுற்று 6, 7, 8: பழையபடி இரண்டு இழையிலும், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சிங்கிள். ஒவ்வொரு சுற்றிலும் 42.

சுவர் எழும்பத் தொடங்கியதும் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று குழப்பம் வரும். வெளிப்பக்கத்தில் தையல்கள் சின்னச் சின்ன ‘வி’ வரிசையாகத் தெரியும். உள்பக்கத்தில் ‘வி’யின் மேல் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். பின்னும்போது ‘வி’ தெரியும் பக்கம் வெளியே இருக்க வேண்டும், ஊசி வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். தலைகீழாக இருந்தால் சாக்ஸைப் புரட்டுவது போல ஒரு தள்ளு தள்ளிப் புரட்டிவிடுங்கள். பிரிக்க வேண்டியதில்லை.

இந்த மூன்று சுற்றும் சும்மா சுற்றி வருவதுதான் என்பதால் எண்ணுவதை விட்டுவிடத் தோன்றும். எட்டாவது சுற்று முடிந்ததும் கட்டாயம் எண்ணுங்கள். அடுத்து வரும் குறைத்தல் எல்லாம் 42ஐ நம்பித்தான் இருக்கிறது.

9. விரல் பக்கத்தின் நடுவைக் கண்டுபிடித்தல்

பல செய்முறைகள் இங்கே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடும்: 15 சிங்கிள் போட்டுவிட்டுக் குறைக்கத் தொடங்கு என்று. காகிதத்தில் அது சரி. கையில் சரியாக வராது. சுற்றிச் சுற்றிச் சிங்கிள் போடும்போது, வலது கைக்காரர்களுக்கு ஒவ்வொரு சுற்றின் தையலும் கீழே உள்ள தையலுக்கு நேர் மேலே உட்காராமல் கொஞ்சம் வலப்பக்கம் சாயும். இடது கைக்காரர்களுக்கு இடப்பக்கம். எட்டு சுற்றில் அது ஒன்றிரண்டு தையல் தூரம் நகர்ந்துவிடும். எண்ணை மட்டும் நம்பிக் குறைத்தால் பூட்டீஸின் மூக்கு பக்கவாட்டில் திரும்பி நிற்கும்.

அதனால் மடித்துப் பாருங்கள். அடிப்பாகத்தை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரண்டு பக்கச் சுவரும் ஒன்றோடொன்று படியும்படி வையுங்கள். விரல் முனையில் மடிப்பு விழும் இடம்தான் நடு. அந்த மடிப்புக்கு இருபுறமும் உள்ள இரண்டு தையலுக்கு நடுவே ஒரு வேறு நிற நூலைச் செருகுங்கள். அங்கிருந்து வலப்பக்கம் 8 தையல் எண்ணி ஒரு கொக்கி, இடப்பக்கம் 8 தையல் எண்ணி ஒரு கொக்கி. இந்த 16 தையலில்தான் குறைத்தல் நடக்கும்.

10. மேல்பாகத்தை மூடுதல்: சுற்று 9 முதல் 11

குறைப்பதற்கு ஒரு நல்ல வழி: அடுத்த தையலின் முன் இழையில் மட்டும் ஊசியை விடுங்கள். நூலைச் சுற்றாமல், அதற்கடுத்த தையலின் முன் இழையிலும் ஊசியை விடுங்கள். இப்போது ஊசியில் மூன்று கண்ணி. நூலைச் சுற்றி முதல் இரண்டின் வழியாக இழுங்கள். மறுபடி சுற்றி மிச்சம் இரண்டின் வழியாக இழுங்கள். இரண்டு தையல் ஒன்றாகிவிட்டது.

இரண்டு இழையிலும் ஊசியை விட்டுக் குறைத்தாலும் எண்ணிக்கை சரியாகத்தான் வரும். ஆனால் அங்கே முடிச்சு போல ஒரு தடிப்பும், பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டையும் விழும். விரல்கள் இருக்கும் இடத்தில் அந்த ஓட்டை வேண்டாம்.

சுற்று 9: முதல் கொக்கி வரை சிங்கிள் (15 தையல், சாய்வைப் பொறுத்து 16 அல்லது 17). இரண்டு கொக்கிகளுக்கும் இடையே 8 குறைப்பு. மிச்சத்தில் சிங்கிள். மொத்தம் 34.

சுற்று 10: இப்போது 8 குறைப்புகளும் வரிசையாகத் தெரியும். அவற்றுக்கு முன்னால் 2 தையல், பின்னால் 2 தையல் சேர்த்தால் 12. அந்த 12இல் 6 குறைப்பு. மற்ற இடமெல்லாம் சிங்கிள். மொத்தம் 28.

சுற்று 11: போன சுற்றின் 6 குறைப்புகளில் முதலையும் கடைசியையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள 4 தையலில் 2 குறைப்பு. மற்றவற்றில் சிங்கிள். மொத்தம் 26.

ஒன்பதாம் சுற்று முடிந்ததும் அசிங்கமாகத்தான் தெரியும். முன்பக்கம் சுருங்கி, பூட்டீஸ் கவிழ்ந்த படகு போல இருக்கும். அந்த நேரத்தில்தான் பலர் தப்பாகிவிட்டது என்று பிரித்துவிடுகிறார்கள். பிரிக்காதீர்கள். பத்தாம் சுற்றில் பாதத்தின் மேல்புறம் மூடிக்கொள்ளும், பதினொன்றில் வடிவம் வந்துவிடும். உள்ளே இரண்டு விரலை விட்டு விரல் பக்கத்தை முன்னால் தள்ளி ஒரு முறை நீவிவிட்டுப் பாருங்கள்.

11. கணுக்கால் பட்டை: சுற்று 12 முதல் 17

இங்கிருந்து 4 மி.மீ. ஊசிக்கு மாறலாம். நான் எப்போதும் மாறுகிறேன். சிங்கிள் அதிகம் இழுபடாத தையல், ஆனால் குதிகால் இந்த வாயின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். குழந்தை காலை மடக்கிக்கொண்டு விரலை விரித்து வைத்திருக்கும்போது இறுக்கமான பூட்டீஸைப் போட முயன்றவர்களுக்கு இது புரியும்.

சுற்று 12: 1 சிங்கிள், 1 சங்கிலி, ஒரு தையலை விடு. இதை 13 முறை. கயிறு நுழையும் துளைகள் இவை. கடைசிச் சங்கிலிக்குப் பிறகு முதல் சிங்கிளில் மூடுங்கள்.

சுற்று 13: ஒவ்வொரு சிங்கிளிலும் ஒன்று, ஒவ்வொரு சங்கிலி இடைவெளியிலும் ஒன்று. மொத்தம் 26.

சுற்று 14 முதல் 17: ஒவ்வொன்றிலும் சிங்கிள், 26. பட்டை இன்னும் உயரமாக வேண்டுமென்றால் இரண்டு சுற்று கூட்டிக்கொள்ளலாம். எத்தனை போட்டீர்கள் என்பதைத் தாளில் எழுதிவிடுங்கள்.

கடைசிச் சுற்றைத் தளர்வாகப் போடுங்கள். முடித்து, 15 செ.மீ. விட்டு நூலை வெட்டி, ஊசியிலுள்ள கண்ணி வழியாக வாலை முழுவதும் இழுத்துவிடுங்கள்.

12. நூல் நுனிகளை மறைத்தல்

அழகுக்காகச் செய்யும் வேலை என்று நினைத்து இதை அவசரமாக முடிப்பார்கள். உண்மையில் இது பாதுகாப்புக்கான வேலை. பூட்டீஸின் உள்ளே தளர்ந்து தொங்கும் ஒரு நூல், பிஞ்சு விரலைச் சுற்றி இறுகிக்கொள்ள முடியும். ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் வீங்கும். குழந்தை அழும், காரணம் பூட்டீஸுக்குள்ளே மறைந்திருக்கும்.

பூட்டீஸை உள்வெளியாகப் புரட்டுங்கள். மொட்டை ஊசியில் வாலைக் கோத்து, தையல்களுக்கு அடியில் 4 செ.மீ. ஒரு திசையில் ஓட்டுங்கள். பிறகு பக்கத்து வரிசையில் 2 செ.மீ. எதிர்த் திசையில் ஓட்டுங்கள். ஒரே திசையில் மட்டும் ஓட்டினால் துவைக்கத் துவைக்க நுனி வெளியே வந்துவிடும். துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தபடி மிச்சத்தை ஒட்ட வெட்டுங்கள். விட்டதும் நுனி உள்ளே போய்விடும்.

கடைசியில் உங்கள் சுண்டு விரலை விரல் பக்கம் வரை விட்டுச் சுற்றித் தடவிப் பாருங்கள். எதுவும் மாட்டக் கூடாது.

13. கயிறு

3.5 மி.மீ. ஊசியில் சுமார் 35 செ.மீ. நீளத்துக்குச் சங்கிலி போடுங்கள். திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு ஸ்லிப் ஸ்டிச். வெறும் சங்கிலி இழுபட்டு மெலிந்துவிடும், இது தடிமனாக நிற்கும்.

மொட்டை ஊசியில் கோத்து, முன்பக்க நடுவில் நுழைத்து, 12ஆம் சுற்றின் துளைகளில் உள்ளே வெளியே என்று சுற்றி வந்து முன்னாலேயே வெளியே எடுங்கள். அப்புறம் குதிகால் பக்கத்தில் கயிற்றைத் துணியோடு சேர்த்து நான்கைந்து தையல் போட்டு நிறுத்துங்கள். இதை விடவே விடாதீர்கள். நிறுத்தாத கயிற்றைக் குழந்தை ஒரே இழுப்பில் உருவிவிடும், அடுத்து அது போகுமிடம் வாய்தான்.

முத்து, பொத்தான், குஞ்சம் எதையும் கயிற்று நுனியில் கட்டாதீர்கள். கடையில் பார்த்தது போல இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கும், தெரியும். பிய்ந்து வரக்கூடிய எதுவும் கைக்குழந்தையின் காலில் இருக்கக் கூடாது.

14. போட்டுவிடும் முன்

ஜோடியை இளஞ்சூடான நீரில் லேசான சோப்பு போட்டு அலசி, துண்டில் வைத்து அழுத்தி நீரை எடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் வடிவம் போய்விடும். விரல் பக்கத்தில் ஒரு சின்னத் துணி உருண்டையை அடைத்து நிழலில் காய வையுங்கள். ஈரமாக இருக்கும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீவி ஒரே அளவுக்குக் கொண்டுவரலாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இங்கேயே சரியாகிவிடும்.

போடும்போது கயிற்றை முழுவதும் தளர்த்தி, பட்டையைச் சுருட்டிக் கீழே இறக்கி, முதலில் விரல்கள், அப்புறம் குதிகால். கட்டிய பிறகு கயிற்றுக்கும் காலுக்கும் இடையே உங்கள் விரல் ஒன்று சுலபமாக நுழைய வேண்டும். கழற்றியதும் கணுக்காலில் தடம் தெரிந்தால் அடுத்த முறை இன்னும் தளர்வாகக் கட்டுங்கள். குழந்தை தூங்கப் போகும்போது கழற்றிவிடுங்கள். பிடித்து நிற்கவோ நடக்கவோ தொடங்கிய குழந்தைக்கு இந்த அடிப்பாகம் வழுக்கும், அப்போது இதைப் போடக் கூடாது.

ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் ஒரு தடவை புரட்டி, சுண்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.